சிவப்புக் கோட்டில் இல்லாதவர்

செப்டம்பர் 25, திங்கள்

ஆலையில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி இது. ஒன்பது மாதமாக அரிசி டின்னுக்கு அடியில் கிடந்ததை இன்று தூசி தட்டி எடுத்திருக்கிறேன். இதுவரை எழுத என்ன இருந்தது? காலையில் போனேன், கரும்பு வண்டிகளுக்கு டோக்கன் கொடுத்தேன், திட்டு வாங்கினேன், வந்தேன். பதினோரு வருடமும் இதே கதைதான்.

இன்று கதை மாறிவிட்டது. பொது மேலாளர் ஜெயசீலன் சார் கூப்பிட்டு அனுப்பினார். "அஞ்சல் வழியில திட்டமிடல் ஏதோ படிச்சீங்களேம்மா, முடிச்சிட்டீங்களா?" என்றார். முதல் வகுப்பு என்றேன். "அப்ப இந்த வருஷம் ஓவர்ஹால் வேலைய உங்க முறைப்படி போட்டுக் குடுங்க. பார்ப்போம்" என்றார்.

எங்கள் சர்க்கரை ஆலை ஐந்து மாதம் கரும்பு அரைக்கும். மீதி மாதங்களில் எல்லாவற்றையும் கழற்றிப் பழுது பார்த்து மாட்டுவோம். போன மூன்று வருடமும் மாட்டி முடிக்கத் தாமதம். போன வருடம் மட்டும் பத்தொன்பது நாள். வெட்டிய கரும்பு வண்டியிலேயே காய்ந்து எடை குறைந்தது. விவசாயிகள் வந்து கத்தியது மேலாளரிடம் அல்ல, டோக்கன் கவுண்டரில் இருந்த என்னிடம்.

இந்த வருடத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. நவம்பர் 24 வெள்ளிக்கிழமை, காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள், கொதிகலனுக்கு இளஞ்சூடேற்றும் விழா. டிசம்பர் 4 அரவை ஆரம்பம். அந்த நல்ல நேரத்துக்குள் கொதிகலனில் நெருப்பு வைத்துவிட்டால் திட்டப் பிரிவு நிரந்தரம், நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் மறுபடியும் டோக்கன் கவுண்டர். சார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் சொன்னேன். என் கணவர் தனகோடி அதே ஆலையில் மில் ஹவுஸ் ஃபோர்மேன். கரும்பைப் பிழியும் உருளைகள் எல்லாம் அவர் பொறுப்பு. "அப்ப இனிமே உன்ன மேடம்னு கூப்புடணுமா, வளரு?" என்றார். ஆலைக்குள் கூப்பிட்டால் போதும் என்றேன்.

செப்டம்பர் 28, வியாழன்

இரண்டு நாளாகப் பிரிவு பிரிவாகப் போய், எந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு எழுதுகிறேன். சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

கொதிகலன் ஃபோர்மேன் சவரிமுத்து அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு "அறுவது நாள்" என்றார். நான் எழுந்து போவது போல் பாவனை செய்ததும் ஐம்பத்திரண்டுக்கு இறங்கினார். சர்க்கரை காய்ச்சும் பிரிவில் இருக்கும் குப்புராஜ் சார், "மொத்தம் எத்தன நாள் இருக்கு?" என்று என்னையே கேட்டுவிட்டு, அதையே பதிலாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் மட்டும் பேரமே பேசவில்லை. "நாப்பது நாள், மேடம்." பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நான் இருபத்தைந்து என்று எழுதிக்கொண்டேன். பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா இவருடைய கணக்கு? மிக்ஸி நின்றுபோனால் "மூணு நாள் ஆவும்" என்பார். நான் போய்ப் பக்கத்தில் நின்றால் அரை மணியில் ஓடும். குழாய்க்கு வாஷர் மாற்ற ஒரு வாரம் கேட்பார். பக்கத்தில் நின்றால் பத்து நிமிடம். மதிப்பீடு சொல்பவரின் பழைய வரலாற்றைப் பார்த்து எண்ணைத் திருத்த வேண்டும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. எதற்கு வீண் பேச்சு?

அக்டோபர் 3, செவ்வாய்

படம் சுவரேறிவிட்டது! பதினான்கு அடி நீளம். சார்ட் தாள்களை மைதா பசை காய்ச்சி ஒட்டி, என் கையால் வரைந்தேன். மொத்தம் அறுபத்து மூன்று வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு வேலை. உள்ளே அதற்கான நாள். எந்த வேலை முடிந்தால் எது தொடங்கலாம் என்று அம்புக்குறிகள். எல்லா அம்பும் கடைசியில் 'இளஞ்சூடு' என்ற பெரிய வட்டத்தில் வந்து சேர்கிறது.

தேநீர் இடைவேளையில் கூட்டம் கூடிவிட்டது. விளக்கினேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பல வழிகள் போகின்றன. அவற்றில் மிக நீளமானது எதுவோ அதுதான் சிவப்புக் கோடு. அதில் ஒருநாள் தவறினால் விழாவும் ஒருநாள் தவறும். மற்ற வழிகளில் இருப்பவர்களுக்குச் சில நாள் கையிருப்பு உண்டு. இந்த வருடச் சிவப்புக் கோடு கொதிகலன் வழியாகப் போகிறது. மில் ஹவுஸுக்குப் பன்னிரண்டு நாள் கையிருப்பு.

"சோத்துல மொளகா எடுத்து வச்ச மாதிரி பளிச்சுன்னு இருக்கு" என்றார் சவரிமுத்து அண்ணன். தன் வட்டம் சிவப்பில் இருப்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

என் வீட்டுக்காரர் கூட்டம் கலைந்த பிறகும் தன் வட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "எழுத்து அழகா இருக்கு, மேடம்" என்றார். போய்விட்டார். பாராட்டுக்குக் கஞ்சத்தனம் செய்கிற மனிதர். இன்றைக்கு இதுவே பெரிது.

அக்டோபர் 5, வியாழன்

அதிசயம். என் வீட்டுக்காரர் நடைப்பயிற்சி ஆரம்பித்திருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்று டாக்டர் இரண்டு வருடமாகத் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நேற்றிலிருந்து ஐந்தே காலுக்கெல்லாம் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வர ஏழரை ஆகிறது. என் படத்தைப் பார்த்து ஒழுங்கு வந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 9, திங்கள்

ஜெயசீலன் சார் நல்ல யோசனை ஒன்று வைத்திருக்கிறார். சிவப்புக் கோட்டில் வேலை செய்பவர்களுக்குத் தினமும் காலை பதினொரு மணிக்கு கேன்டீனிலிருந்து சூடாக உருளைக்கிழங்கு போண்டா, வேலை செய்யும் இடத்துக்கே. உற்சாகம் வரும் அல்லவா? கேன்டீன் காசாம்பு அக்காவின் போண்டாவுக்கு வேறு அறிமுகம் தேவையில்லை. கொதிகலன் ஆட்கள் விசில் அடித்தார்கள்.

பின் குறிப்பு: நேற்று ஞாயிறு, நடைப்பயிற்சிக்கு விடுமுறையாம். வாரவிடுமுறை விடுகிற நடையை இப்போதுதான் பார்க்கிறேன்.

அக்டோபர் 14, சனி

போண்டா வாசனை காற்றில் எல்லாப் பிரிவுக்கும் போகும் என்பதைப் படத்தில் போட மறந்துவிட்டேன்.

குப்புராஜ் சார் வந்து நின்றார். எம்.எஸ்ஸி. படித்த மனிதர், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நாங்களும் முக்கியமான வேலதாம்மா செய்யிறோம். எங்க வழியையும் கொஞ்சம் செவப்பாக்கக் கூடாதா?"

"உங்களுக்கு எட்டு நாள் கையிருப்பு இருக்கு சார். அது நல்ல விஷயம்."

"நல்ல விஷயத்த வச்சிகிட்டு என்னா பண்றது? ஆளுங்க என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க."

அக்டோபர் 20, வெள்ளி

ஆறே நாளில் குப்புராஜ் சார் பிரிவின் எட்டு நாள் கையிருப்பும் காணாமல் போய்விட்டது. குழாய் சுத்தம் செய்யும் பிரஷ் வரவில்லையாம். மின் பிரிவில் மோட்டார் உலர மறுக்கிறதாம். கரும்பு ஏற்றும் சங்கிலிப் பிரிவில் ஆளுக்கொரு காய்ச்சல். கணக்கைத் திருத்தித் திருத்தி வரைந்ததில் சுவரில் இப்போது நான்கு சிவப்புக் கோடுகள்.

நான்கு பிரிவுக்கும் போண்டா. காசாம்பு அக்கா கரண்டியோடு என் மேசைக்கே வந்துவிட்டார். "நூத்தி நாப்பது பேருக்கு கெழங்கு உரிக்க எனக்கு எத்தினி கையி? அத ஒரு ரவுண்டு போட்டு செவுத்துல எழுதும்மா மொதல்ல!"

வேலையைத் தள்ளிப்போட்டுப் பெருமை தேடிக்கொள்ளும் ஆலை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஜெயசீலன் சார் படத்தின் முன் நின்று, "இந்த போண்டா யோசனைய நீங்கதானம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார். யார் கொடுத்தது என்பதெல்லாம் இப்போது முக்கியமில்லை.

மில் ஹவுஸ் மட்டும் ஒரு நாள்கூடப் பின்வாங்கவில்லை. தினமும் மாலையில் அவர் கொடுக்கும் சீட்டில் என் இருபத்தைந்து நாள் கணக்குப்படியே வேலை நகர்ந்திருக்கிறது. பார்த்தீர்களா? என் கணக்கு என்றால் கணக்கு.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. ஸ்பேனர், சுத்தியல், அரம், சுரண்டி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியாயிற்று. நாளை விஜயதசமி பூஜை முடிகிற வரை யாரும் தொடக் கூடாது. நானும் என் அளவுகோலையும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவையும் வைத்தேன். பொரி, கடலை, சுண்டல்.

இன்று நடைப்பயிற்சியும் இல்லை. கால் என்ன ஆயுதமா என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 25, புதன்

விதியை மாற்றிவிட்டேன். இனி சிவப்பில் இருப்பவர்களுக்கு போண்டா கிடையாது. தன் கையிருப்பு நாளைக் கரைக்காமல் வைத்திருக்கும் பிரிவுக்குத்தான். கரைத்தவர்களுக்குச் சுக்குக் காபி. கொதிகலனுக்குப் பிறவியிலேயே கையிருப்பு கிடையாது என்பதால் அவர்களுக்கு மட்டும் விலக்கு.

பிரஷ் மதியமே வந்துவிட்டது. மோட்டாரும் உலர்ந்துவிட்டது. காய்ச்சல்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்டோபர் 31, செவ்வாய்

சுவரில் மறுபடியும் ஒரே சிவப்புக் கோடு. கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி!

ஒரு சின்னச் சிக்கல். கரும்பு பிழியும் நான்கு மில்களில் இரண்டின் உருளைகளை வெளியூர்ப் பட்டறைக்கு அனுப்பியிருந்தோம். ஆறு நாள் தாமதமாக இன்றுதான் வந்தன. மில் ஹவுஸின் பன்னிரண்டு நாள் கையிருப்பு ஆறாகிவிட்டது. கவலையில்லை, ஆறு தாராளம். ஆனால் விதி விதிதான்; கையிருப்பு குறைந்ததால் அவர்களுக்கு போண்டா இல்லை. முதல் விதியிலும் கிடைக்கவில்லை, இரண்டாவது விதியிலும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரருக்குச் சலுகை காட்டினேன் என்று ஒரு வாய் பேசக் கூடாது.

"எனக்குத்தான் சுகராச்சே மேடம், போண்டா எதுக்கு?" என்றார். மற்ற ஆட்கள் சுக்குக் காபியை ஊதி ஊதிக் குடித்தார்கள்.

நவம்பர் 4, சனி

அவருடைய துண்டில் திட்டுத் திட்டாக நீலம். நகக் கண்ணிலும் நீலம். என்ன இது என்றேன். "சொட்டு நீலம் கொட்டிடுச்சு" என்றார். துணி துவைக்கக்கூட ஆரம்பித்துவிட்டாரா? ஒரு மாதம் நடந்தும் ஒரு கிலோ குறையவில்லை என்பது வேறு விஷயம். ஷூவின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. எந்தச் சாலையில்தான் நடக்கிறாரோ.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அதிரசம் நன்றாக வந்தது. தெருவே வெடித்துச் சிதறுகிறது, இந்த மனிதர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மதியம் வரை தூங்கினார். சாப்பிட எழுப்பினேன், சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். வலது மணிக்கட்டைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார். வயதாகிறது.

நவம்பர் 13, திங்கள்

இன்றும் தூக்கம்தான். நடை இல்லை.

நவம்பர் 17, வெள்ளி

இன்னும் ஒரு வாரம். கொதிகலனில் கசிவு பார்க்கும் நீர்ச் சோதனை திங்கட்கிழமை. எல்லாம் படத்தின்படி. டோக்கன் கவுண்டர் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன், போய் வருகிறேன் என்பது போல.

கேன்டீனில் காசாம்பு அக்கா டீ கொடுத்தார். "நீ குடுத்து வச்சவம்மா. காத்தால அஞ்சரைக்கு நான் அடுப்பப் பத்த வச்சதும் மொதோ டீ உன் வூட்டுக்காரருக்குத்தான் போவுது. அந்நேரத்துக்கு மில்லுல வந்து ஒக்காந்துகினு, டர்ர்ரு டர்ர்ருன்னு இரும்பத் தேச்சிகினே இருக்காரு. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

நடைப்பயிற்சி முடிந்து டீ குடிக்கப் போயிருப்பார் என்றேன். காசாம்பு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நவம்பர் 18, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

நவம்பர் 19, ஞாயிறு

நேற்று எழுதியது பொய். எழுத இருந்தது, கை வரவில்லை.

நேற்றுக் காலை அவர் கிளம்பியதும் நானும் பின்னாலேயே போனேன். மில் ஹவுஸில் ஒரே ஒரு விளக்கு. கேன்வாஸ் ஷூவோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் பித்தளை பேரிங்கை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். உருளை சுற்றும்போது சூடேறாமல் இருக்க பேரிங் அதன்மேல் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். நீலச் சாயம் தடவி, உருளையில் வைத்துப் பார்த்து, நீலம் ஒட்டிய மேட்டைச் சுரண்டி, மறுபடி தடவி, மறுபடி சுரண்டி... அவசரப்படுத்த முடியாத கைவேலை. வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. நான்கு சுரண்டு, கையை உதறுகிறார். நான்கு சுரண்டு, உதறுகிறார். பக்கத்துத் தூணில் சாக்பீஸ் கோடுகள், ஐந்தைந்தாக. எண்ணினேன். முப்பத்தாறு.

அவர் பார்ப்பதற்குள் திரும்பி வந்து, திட்டப் பிரிவைத் திறந்து, இருபத்தைந்தை அடித்துவிட்டு நாற்பது என்று போட்டுக் கணக்குப் பார்த்தேன். மில் ஹவுஸுக்குக் கையிருப்பு பன்னிரண்டு அல்ல. ஆரம்பத்திலேயே மூன்று நாள் பற்றாக்குறை. உருளை தாமதமானதில் ஒன்பது. உண்மையான சிவப்புக் கோடு முதல் நாளிலிருந்தே அவர் வழியாகத்தான் போயிருக்கிறது. முப்பத்தாறு காலை, காலைக்கு இரண்டு மணி நேரம், எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் சரியாக ஒன்பது நாள். என் தப்பை அவர் கையால் சுரண்டிச் சுரண்டி இல்லாமல் ஆக்கியிருக்கிறார். நானோ சீட்டைப் பார்த்து என் கணக்கு சரி என்று டைரியில் மார்தட்டிக்கொண்டேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

இன்று காலை மணிக்கட்டு பூரி போல வீங்கிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, பத்து நாள் ஸ்பூன்கூடத் தூக்கக் கூடாது என்றுவிட்டார். வரும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, இன்னும் எத்தன பேரிங் பாக்கி?"

கட்டுப் போட்ட கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். "பாத்துட்டியா? நாலு."

"நாப்பதுன்னு சொன்னீங்க. நான் இருபத்தஞ்சுன்னு போட்டேன். ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"செவுத்துல தொங்குது, நாப்பது பேரு சுத்தி நிக்கிறான். அங்க நின்னு தப்புன்னு சொன்னா என்னா ஆவும்? சொந்தப் புருசன் சொன்னதையே ஒழுங்கா எழுதத் தெரியலன்னு அன்னிக்கே படத்தச் சுருட்டி வச்சிருப்பானுங்க."

"வீட்டுல சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ மாத்துவ. மாத்துனா தேதி தள்ளும். தள்ளுனா டோக்கன் கவுண்டரு. பதினோரு வருசம் நீ அங்க என்னா பேச்சு வாங்குனன்னு எனக்குத் தெரியாதா, வளரு?"

நிறுத்தத்தில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தாலும் அழுதுவிட்டேன். மிக்ஸிக்கு மூன்று நாள் என்பீர்களே, அதை நம்பித்தானே குறைத்தேன் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சண்டைக்குப் போனேன்.

"மிக்ஸி நின்னா சட்னி இல்ல, அவ்ளோதான். மில்லு நின்னா ஆயிரம் பேரு கரும்பு காயும். அங்க போயி பொய்க் கணக்கு சொல்வனா?"

"அப்ப வீட்டுல மட்டும் ஏன் சொல்றீங்க?"

பேருந்து வந்துவிட்டது என்றார்.

நவம்பர் 20, திங்கள்

காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். முந்தின நாள் அவர் வேண்டாம் என்றார், எப்படியாவது இடது கையால் பார்க்கிறேன் என்றார். கேட்கவில்லை. மறைத்தால் நாற்காலி ஒருவேளை தப்பும். நாலு பேரிங் முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை விழா நடக்காது.

"மில் ஹவுஸ் ஃபோர்மேன் நாப்பது நாள் சொன்னார். நான் அவரைக் கேட்காமலே இருபத்தஞ்சுன்னு போட்டேன். தப்பு என்னுது. சிவப்புக் கோடு இப்ப மில் ஹவுஸ்ல இருக்கு. நாலு பேரிங் பாக்கி, கை இல்ல" என்றேன். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, எல்லோர் முன்னாலும் அவர் வட்டத்தில் இருபத்தைந்தை அடித்து நாற்பது என்று எழுதினேன்.

ஜெயசீலன் சார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பின்னால் சிரிப்பை அடக்கினார்கள். காது இரண்டும் சுட்டது.

சவரிமுத்து அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "மதியம் எனக்கு நீர்ச் சோதனை முடியுது. என் ஆளுங்கள்ல ரெண்டு பேரு பழைய மில் ஹவுஸ் கைங்க, நல்லா சொரண்டுவானுங்க. அனுப்புறேன். செவப்புக் கோட்டு போண்டா இத்தினி நாளா நாங்க தின்னது தனகோடிக்கு வர வேண்டியதுதானே, கடன் கழிஞ்சுதுன்னு வச்சிக்கறேன்."

"என்கிட்டயும் ஒருத்தன் இருக்கான்" என்றார் குப்புராஜ் சார். "போண்டா இல்லாமலே வருவான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நவம்பர் 22, புதன்

மூன்று பேர் சுரண்டுகிறார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, "அந்த ஓரத்துல நீலம் பாரு, ம், அங்கதான்" என்று விரட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு முடிந்தது.

நவம்பர் 23, வியாழன்

நான்காவது பேரிங் மதியம் மூன்றேகாலுக்கு உட்கார்ந்தது. உருளையைக் கையால் தள்ளிப் பார்த்தார்கள். சத்தமே இல்லாமல் சுற்றியது. அவர் அதைக் காது வைத்துக் கேட்டுவிட்டு, "போட்டு மூடு" என்றார். படத்தில் கடைசி வட்டம் மட்டும் பாக்கி.

நவம்பர் 24, வெள்ளி

எட்டு பத்துக்கு நெருப்பு வைத்தாயிற்று!

ஐயர் மந்திரம் சொல்ல, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, விறகும் கரும்புச் சக்கையும் அடுக்கிய கொதிகலன் வாயில் பந்தத்தை நீட்டினார்கள். கரும்பு விவசாயிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். போன வருடம் என்னைக் கவுண்டரில் வைத்துக் கிழித்த ஒரு பெரியவர், "தேதி தவறலியேம்மா!" என்று என் கையில் இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். புகைபோக்கியில் முதல் புகை வந்ததும் எல்லோரும் கைதட்டினோம்.

ஜெயசீலன் சார் கூப்பிட்டார். தயாராகத்தான் போனேன்.

"போன வருஷம் தாமதம்னு தெரிஞ்சதே விழா அன்னிக்குத்தான். இந்த வருஷம் நாலு நாள் முன்னாடி நீங்களே நின்னு சொன்னீங்க. அந்தப் படம் இல்லாட்டி எங்க ஆள் அனுப்பணும்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? நாற்காலி உங்களுதுதாம்மா" என்றார். பிறகு, "அடுத்த வருஷம் போண்டா மட்டும் வேணாம்" என்றார்.

பதினொரு மணிக்கு காசாம்பு அக்காவிடம் சொல்லி வைத்து, சூடாக ஒரு தட்டு வாங்கிக்கொண்டு மில் ஹவுஸுக்கு நானே போனேன். அவருடைய ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்தேன். அவருக்கு ஒன்றே ஒன்று, டாக்டர் பேச்சை மதித்து.

"எல்லாம் முடிஞ்சப்பறம் எதுக்கு மேடம்?" என்றார்.

"சிவப்புக் கோட்டுல இருக்கறவங்களுக்கு உண்டுன்னு விதி இருக்கு. பாக்கி வந்திருக்கு, சாப்பிடுங்க" என்றேன். இடது கையால் சாப்பிடத் தெரியாமல் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார். ஆட்களுக்கு அதைப் பார்க்க ஒரே கொண்டாட்டம்.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை தீபம். அகல் விளக்குகளைக் கழுவிக் காய வைத்துவிட்டுச் சட்னிக்குத் தேங்காய் போட்டேன். மிக்ஸி ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றுபோனது.

"எத்தன நாள் ஆவும்?" என்று கேட்டேன்.

தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், மிக்ஸியைப் பார்த்தார். "மூணு நாள் ஆவும்."

வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்று புலம்புவேன். இன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஸ்க்ரூ டிரைவரை நானே பிடித்தேன். எந்தத் திருகை முதலில் என்று அவர் சொல்லச் சொல்லக் கழற்றினேன். நடுவில் சவரிமுத்து அண்ணனின் பேத்தி கதை, டீச்சராகப் போன என் நாத்தனார் கதை, எங்கள் கல்யாணத்தில் ஜெனரேட்டர் நின்றுபோன கதை. மோட்டாருக்குள் இருக்கும் கரித்துண்டு தேய்ந்திருந்தது, பழையது ஒன்றை எடுத்துப் போட்டோம். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, அவர் கை நன்றாக இருந்திருந்தால் அரை மணிதான் ஆகியிருக்கும்.

"இன்னிக்கு என்னா, திட்டவே இல்ல?" என்றார்.

"அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல கேட்டேனே, வீட்டுல மட்டும் ஏன் மூணு நாள்னு. பதில் சொல்லல."

மூடியை மாட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். ஓடியது. அணைத்துவிட்டு, மிக்ஸியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அரை மணின்னு சொன்னா நீ உன் வேலையப் பாக்கப் போயிடுவ. மூணு நாள்னாத்தான் பக்கத்துல வந்து நிக்கிற."

விளக்கு ஏற்ற நேரமாகிறது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். மிக்ஸி பழுது: மூன்று நாள். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், குறைக்கவில்லை.